கோட் ஆற்றங்கரையில் ஓர் ஊர்: இனாம்காவின் எழுச்சியும் அழிவும்

புணேயிலிருந்து நாசிக்கிற்குச் செல்லும் நெடுஞ்சாலை போசரியின் தொழிற்பேட்டைகளைத் தாண்டியதும் ஆறுகளை ஒன்றன்பின் ஒன்றாகக் கடக்கிறது. மோஷியில் இந்திராயணி, ராஜ்குருநகரில் பீமா, மஞ்சருக்கு அப்பால் கோட், சங்கம்னேரில் பிரவரா. முதல் மூன்றின் நீர் கிருஷ்ணையைச் சேர்கிறது. பிரவராவின் நீர் கோதாவரியைச் சேர்கிறது. போசரிக்கு வேலை தேடி வரும் தமிழர், மராத்தியர், பீகாரியர் எவருக்கும் இந்தப் பாலங்கள் வெறும் பாலங்களே. ஆனால் தக்காணத்தின் தொடக்ககால உழவர் நாகரிகங்களுள் ஒன்று இந்த ஆறுகளின் கரைகளில்தான் எழுந்தது, இங்கேயே அடங்கியது. இரும்பு வருவதற்கு முன், செம்பும் கல்லும் மட்டுமே கருவிகளாக இருந்த காலம் அது. சங்கம்னேருக்கு அருகிலுள்ள ஜோர்வே என்னும் சிற்றூரில் 1950–51இல் எச். டி. சங்காலியாவும் எஸ். பி. தேவும் அகழ்ந்தபோது கிடைத்த சிவப்பு மட்கலங்களின் பெயரால் அப்பண்பாடு ஜோர்வே பண்பாடு என அழைக்கப்படுகிறது. அதன் தளங்கள் இன்று இருநூறுக்கும் மேல் அறியப்பட்டுள்ளன. அவற்றுள் மிக விரிவாக அகழப்பட்டது புணே மாவட்டத்தின் சிரூர் வட்டத்தில், கோட் ஆற்றின் வலக்கரையில் இருக்கும் இனாம்காவ்.

ஆற்றங்கரை நகரமொன்றின் எழுச்சி, அழிவு என்றவுடன் வரலாற்று மாணவரின் நினைவுக்கு முதலில் வருவது மெசப்பொட்டாமியாவின் உர். யூப்ரடீஸ் ஆற்றால் வாழ்ந்து, கி.மு. 21ஆம் நூற்றாண்டில் ஒரு பேரரசின் தலைநகராக ஓங்கி, கி.மு. 2004ஐ ஒட்டி ஈலாமியர் படையெடுப்பில் வீழ்ந்து, பிறகு மீண்டும் எழுந்து, ஆறு தடம் மாறி விலகிய பின் மெல்லக் கைவிடப்பட்ட நகரம் அது. 1922 முதல் 1934 வரை லியோனார்டு வூலி அதனை அகழ்ந்தார். அதன் வீழ்ச்சியைப் பாடும் சுமேரியப் புலம்பல் இலக்கியமே நமக்குக் கிடைத்திருக்கிறது. இனாம்காவுக்கு அப்படியொரு பேறு இல்லை. அது நகரமும் அன்று. ஏறத்தாழ ஐந்து ஹெக்டேர் பரப்புள்ள பெரிய ஊர். எழுத்து இல்லை, அரசர் பட்டியல் இல்லை, புலம்பலும் இல்லை. எனினும் ஓர் ஊர் எவ்வாறு வளர்கிறது, எவ்வாறு தளர்கிறது, அத்தளர்ச்சியின் விலையை யார் கொடுக்கிறார்கள் என்னும் வினாக்களுக்கு உர் நகரத்தின் களிமண் பலகைகள் சொல்லாத சிலவற்றை இனாம்காவின் மண் சொல்கிறது.

தக்காணக் கல்லூரியின் தொல்லியல் துறை 1968 முதல் 1983 வரை இங்கு அகழாய்வு நடத்தியது. எம். கே. தவளிகர், சங்காலியா, இசட். டி. அன்சாரி ஆகியோர் பெயரில் அதன் அறிக்கை 1988இல் வெளிவந்தது. அரண்மனையையும் புதையலையும் தேடாமல், ஒரு சிற்றூரின் வீடு, அடுப்பு, குதிர், எலும்பு, விதை அனைத்தையும் பல ஆண்டுகள் பொறுமையாகப் பதிவு செய்த ஆய்வு அது. நூற்றுக்கும் மேற்பட்ட வீடுகள் வெளிப்பட்டன. ஏறத்தாழ கி.மு. 1600 முதல் 1400 வரை மால்வா காலம். 1400 முதல் 1000 வரை முந்தைய ஜோர்வே. 1000 முதல் 700 வரை பிந்தைய ஜோர்வே எனக் குடியிருப்பின் காலம் மூன்றாகப் பகுக்கப்பட்டது. தொள்ளாயிரம் ஆண்டுகள், ஒரே இடத்தில்.

எழுச்சியின் காலம் முந்தைய ஜோர்வே. செவ்வக வடிவிலான மண்சுவர் வீடுகள், கூரை வேய்ந்தவை, இடையே சந்து விட்டு வரிசையாக அமைந்தன. வாற்கோதுமை முதன்மைப் பயிர். அதனுடன் கோதுமை, மசூர்ப் பருப்பு, பட்டாணி போன்றவை. மாடும் ஆடும் வளர்க்கப்பட்டன, மானும் வேட்டையாடப்பட்டது. சிரூர் மழைமறைவுப் பகுதி. மேற்குத் தொடர்ச்சி மலையில் கொட்டித் தீர்க்கும் பருவமழை அங்கு வந்து சேர்வதற்குள் வற்றிவிடும். ஆனால் ஆறு அந்த மலையிலிருந்துதான் வருகிறது. மழை பொய்க்கும் நிலத்தில் மலையின் நீரைப் பிடித்து வைப்பதே உழவின் அடிப்படை. இனாம்காவ் மக்கள் அதைச் செய்தனர். கல்லும் மண்ணும் கொண்டு கரையெழுப்பி, சுமார் நான்கு மீட்டர் அகலமும் மூன்றரை மீட்டர் ஆழமும் கொண்ட வாய்க்காலை வெட்டினர். வெள்ளத்தின் ஒரு பகுதியைத் திருப்பி வயலுக்குக் கொண்டுசெல்லும் ஏற்பாடு இது என்பது அகழாய்வாளரின் விளக்கம்.

இத்தகைய வாய்க்காலைத் தனியொரு குடும்பம் வெட்ட முடியாது. யார் எந்நாளில் வேலைக்கு வருவது, யார் வயலுக்கு முதலில் நீர் பாய்வது, விளைந்ததில் எவ்வளவு பொதுவில் சேர்ப்பது என்பனவற்றை யாரோ ஒருவர் முடிவு செய்தாக வேண்டும். அந்த ‘யாரோ’வின் வீடும் கிடைத்தது. ஊரின் நடுப்பகுதியில் ஐந்து அறைகள் கொண்ட பெரிய வீடு, அதையொட்டிக் களஞ்சியம். வசதி படைத்தோர் வீடுகள் நடுவில் இருக்க, குயவர், செம்புத் தொழிலாளர், சுண்ணாம்பு சுடுவோர், தந்த வேலை செய்வோர் ஆகியோர் மேற்கு ஓரத்தில் வாழ்ந்தனர். களஞ்சியத்துக்கு அருகில் யார், தொலைவில் யார் என்னும் வேறுபாடு அப்போதே மண்ணில் வரையப்பட்டுவிட்டது.

அந்த வேறுபாடு சாவிலும் தொடர்ந்தது. இறந்த பெரியவர்களை வீட்டுத் தரைக்கு அடியிலோ முற்றத்திலோ வடக்கே தலை, தெற்கே கால் எனக் கிடத்திப் புதைத்தனர். புதைக்குமுன் கணுக்காலுக்குக் கீழே பாதங்களை வெட்டி நீக்கினர். இறந்தவர் ஆவியாகி எழுந்து நடந்து போய்விடக் கூடாது என்னும் அச்சமே காரணமாகலாம் எனத் தவளிகர் கருதினார். ஐந்தறை வீட்டின் முற்றத்தில் கிடைத்த ஆண் உடல் மட்டும் வேறு வகை. நான்கு கால்கள் கொண்ட, சுடாத மண்ணாலான பெருந்தாழிக்குள் அம்மனிதர் கால்களை மடக்கி அமர்ந்த நிலையில் வைக்கப்பட்டிருந்தார். அவருடைய பாதங்கள் வெட்டப்படவில்லை. உடன் வைக்கப்பட்ட கலமொன்றில் துடுப்புகளுடன் கூடிய படகு தீட்டப்பட்டிருந்தது. ஊர்த்தலைவர் என அவரைக் கருதுவது பொருத்தமே. மற்றோர் நடந்துவிடக் கூடாது. தலைவர் மட்டும் மறுகரைக்குப் படகில் செல்லலாம் என்று அம்மக்கள் எண்ணினார்களோ என்னவோ.

குழந்தைகளின் அடக்கம் மூன்றாவது வகை. இரண்டு தாழிகளை வாயோடு வாய் பொருத்திக் கிடைமட்டமாக வைத்து, உள்ளே குழந்தையின் உடலை இட்டு, வீட்டின் தரைக்கடியில் புதைத்தனர். தமிழ் வாசகருக்குத் தாழி என்றதும் ஆதிச்சநல்லூரும் முதுமக்கள் தாழியும் நினைவுக்கு வரும். ஒப்புமையைவிட வேற்றுமையே இங்குக் கவனிக்கத்தக்கது. ஆதிச்சநல்லூரில் இறந்தோருக்கெனத் தனியே பரந்த ஈமக்காடு உண்டு. இனாம்காவில் இறந்தோர் வாழ்வோரின் பாய்க்கு அடியிலேயே இருந்தனர். தாழி பெரும்பாலும் முதியோருக்கன்று, மழலையருக்கு. அங்குக் கிடைத்த இருநூறுக்கும் மேற்பட்ட அடக்கங்களில் பெரும்பான்மை குழந்தைகளுடையவை. உர் நகரத்து வீடுகளின் தரைக்கடியிலும் வூலி இத்தகைய அடக்கங்களைக் கண்டார். இதைக் கொண்டு இரு பண்பாடுகளுக்கும் தொடர்பு என்று கூறுவதற்கில்லை. இறந்த குழந்தையைத் தொலைவில் விட மனம் வராத தாயும் தந்தையும் எங்கும் இருந்திருக்கிறார்கள் என்று மட்டுமே கூறலாம்.

ஏறத்தாழ கி.மு. 1000ஐ ஒட்டி நிலை மாறியது. தப்தி, கோதாவரிப் பள்ளத்தாக்குகளிலிருந்த ஜோர்வே ஊர்கள் பெரும்பாலும் கைவிடப்பட்டன. பிரவராக் கரையில் இருந்த தைமாபாத்தும் அவற்றுள் ஒன்று. பிந்தைய அரப்பா மக்கள் காலம் முதல் தொடர்ந்து வாழப்பட்டதும், 1974இல் அறுபது கிலோவுக்கு மேல் எடையுள்ள நான்கு வெண்கலச் சிற்பங்கள் கிடைத்ததுமான பேரூர் அது. பீமாப் பள்ளத்தாக்கில் மட்டும் வாழ்வு நீடித்தது. அதன் கிளையாறான கோட் ஆற்றங்கரையின் இனாம்காவ் மேலும் முந்நூறு ஆண்டுகள் இருந்தது. ஆனால் இருந்த விதம் வேறு. செவ்வக வீடுகளின் இடத்தில் சிறு வட்டக் குடில்கள் வந்தன. மட்கலங்களின் நேர்த்தி குறைந்தது. உழவு சுருங்கியது, வேட்டை விலங்குகளின் எலும்புகள் பெருகின. உழவர் மெல்ல மெல்ல ஆடு மேய்த்துத் திரியும் அரை நாடோடிகளாக மாறினர் என்பது தவளிகரின் முடிவு. அதற்குக் காரணமாக அவர் கூறியது தட்பவெப்ப மாற்றம்: மழை குறைந்தது, வறட்சி வந்தது, உழவு தோற்றது. கி.மு. 700ஐ ஒட்டி ஊர் வெறிச்சோடியது.

இவ்விளக்கம் தெளிவானது, நீண்டகாலம் பாடநூல்களில் நிலைபெற்றதும்கூட. ஆனால் தெளிவான விளக்கங்களே மறுபரிசீலனைக்கு முதலில் உரியவை. மெசப்பொட்டாமியாவில் நடந்தது இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. 1958இல் தோர்கில்டு யாகப்சனும் ராபர்ட் ஆடம்சும் தெற்குச் சுமேரின் வீழ்ச்சிக்கு மண்ணில் உப்பேறியதே காரணம் என வாதிட்டனர். ஓயாத பாசனம் நிலத்தடி உப்பை மேலே கொண்டுவந்தது. கோதுமை விளையாமல், உப்பைத் தாங்கும் வாற்கோதுமை மட்டும் விளைந்தது. விளைச்சல் வீழ்ந்தது என்பது வாதம். 1985இல் மார்வின் பவல் அதே களிமண் பலகைகளை மீண்டும் படித்து, அந்த அளவுக்கு முடிவு கட்டச் சான்று போதாது என்றார். உப்பு இல்லை என்று அவர் கூறவில்லை. உப்பு மட்டுமே வரலாற்றை எழுதியது என்பதைத்தான் மறுத்தார். வரி, போர், ஆட்சிக் குழப்பம், ஆற்றின் தடமாற்றம் அனைத்தும் கணக்கில் வர வேண்டும்.

இனாம்காவுக்கும் அத்தகைய மறுவாசிப்பு வந்தது. அது குழந்தைகளின் எலும்புகளிலிருந்து வந்தது. உயிரியல் மானிடவியலாளர் குவென் ராபின்ஸ் ஷுக், நெவாசா, தைமாபாத், இனாம்காவ் ஆகிய இடங்களில் கிடைத்த மழலையரின் எலும்புக்கூடுகளை ஆராய்ந்து 2011இல் நூல் வெளியிட்டார். வளரும் எலும்பு ஒரு நாட்குறிப்பு. உணவு போதாத மாதங்களில் அதன் வளர்ச்சி தடைபடுகிறது. எலும்பின் நீளத்தையும் தடிமனையும் பல் முளைத்த வயதோடு ஒப்பிட்டால் அக்குழந்தை வயதுக்கேற்ப வளர்ந்ததா என்பது தெரிந்துவிடும். பிந்தைய ஜோர்வே காலத்து இனாம்காவின் குழந்தைகளிடம் இத்தளர்ச்சியின் தடங்கள் கூடுதலாகக் காணப்பட்டன. அதேவேளை, கி.மு. 1000 வாக்கில் திடீர்க் கடும் வறட்சி வந்தது என்பதைப் பழந்தட்பவெப்பப் பதிவுகள் உறுதியாகக் காட்டவில்லை என்பதையும் அவர் சுட்டினார். மழை மட்டும் குற்றவாளி என்றால், மழையின் வரவு செலவும் ஊரின் வரவு செலவும் ஒத்துப்போக வேண்டும். அவை முழுமையாக ஒத்துப்போகவில்லை. எனவே மக்கள் நிலத்தைப் பயன்படுத்திய முறை, பெருகிய பிறப்புகள், குறுகிய விளைநிலத்தின் மீது கூடிய சுமை ஆகியவற்றையும் சேர்த்தே பார்க்க வேண்டியுள்ளது.

இங்கு மாணவர்கள் கருத்தில் கொள்ள வேண்டிய முறையியல் நுட்பம் ஒன்று உண்டு. ஓர் இடுகாட்டில் குழந்தைகளின் எலும்புகள் மிகுதி என்றால் அங்குச் சாவு மிகுதி என்று முடிவு கட்டத் தோன்றும். அது தவறாகலாம். பிறப்புகள் மிகுந்த சமூகத்தில் குழந்தைகளின் தொகையே அதிகம்; ஆதலால் இறப்போரிலும் குழந்தைகளின் பங்கு அதிகமாகத் தெரியும். எண்ணிக்கை பெரும்பாலும் பிறப்பு விகிதத்தைப் பேசுகிறது. துன்பத்தைப் பேசுவது எண்ணிக்கையன்று, ஒவ்வோர் எலும்பின் வளர்ச்சி. மேலும் வீட்டுக்குள் புதைக்கப்பட்டோர் மட்டுமே அகழாய்வில் கிடைக்கின்றனர். வேறிடத்தில் புதைக்கப்பட்டோர் கணக்கில் வருவதில்லை. பிந்தைய ஜோர்வே குறித்து இவ்விரு சான்றுகளையும் பிரித்தறிந்து படித்தால் கிடைக்கும் சித்திரம் கடுமையானது: பிறப்பு மிகுந்தது, பிறந்த உடல் மெலிந்தது.

இச்சித்திரத்தை வைத்துக்கொண்டு களஞ்சியத்தை மீண்டும் நோக்க வேண்டும். முந்தைய காலத்தில் வாய்க்காலும் களஞ்சியமும் தலைவரின் வீடும் ஒன்றையொன்று தாங்கின. மழை குறைந்த ஆண்டில் சேமிப்பு ஊரைக் காத்தது. காத்த ஊர் தலைவருக்குக் கட்டுப்பட்டது. ஆனால் சேமிப்பை நம்பி மக்கள்தொகை பெருகிய ஊர், சேமிப்பு முறியும் நாளில் முன்பைவிட ஆழமாக விழுகிறது. அதே நிலத்தில் பெரிய மக்கள்தொகைக்குக் களஞ்சியம் இல்லாமல் உணவு கண்டாக வேண்டும். பெரியவர் மானை வேட்டையாடலாம், ஆட்டுடன் அலையலாம். பால்குடி மறந்து கஞ்சிக்கு வரும் வயதுக் குழந்தைக்கு அந்த வழிகள் இல்லை. ஆகவே ஓர் ஊரின் வீழ்ச்சி, ஊர் காலியாகும் நாளில் தொடங்குவதில்லை. சில தலைமுறைகளுக்கு முன்பே, தரைக்கடியில் இருக்கும் இரட்டைத் தாழிகளுக்குள் தொடங்கிவிடுகிறது.

இறுதியாக, இம்மக்கள் யார் என்னும் வினா. தமிழ்ச் சூழலில் இவ்வினா உடனே ‘அவர்கள் திராவிடரா?’ என்று உருமாறும். கூடவே ‘உர்’ என்பது நம் ‘ஊர்’ அல்லவா என்னும் கேள்வியும் எழும். இரண்டாவதற்கு விடை எளிது. அந்நகரின் சுமேரியப் பெயர் ‘உரிம்’. அக்காதியத்தில் அது ‘உரு’ எனத் திரிந்தது. ‘உர்’ என்பது பிற்கால வழக்கு. ஒரு சொல்லின் ஓசையொப்புமை உறவுக்குச் சான்றாகாது. சொல்தொகுதிகளுக்கிடையே ஒழுங்கான ஒலியொப்புமை வேண்டும். அது சுமேரியத்துக்கும் திராவிடத்துக்கும் இடையே நிறுவப்படவில்லை.

முதல் வினா கடினமானது. மகாராட்டிரத்தின் மண்ணில் திராவிடத் தடங்கள் உண்டு. டோம்பிவ்லி, போரிவ்லி, காந்திவ்லி போன்ற ஊர்ப்பெயர்களின் ஈறு ‘பள்ளி’ என்னும் திராவிடச் சொல்லோடு தொடர்புடையது என பிராங்ளின் சவுத்வர்த் காட்டினார். கேட்போரை உளப்படுத்தும் ‘ஆபண்’, உளப்படுத்தாத ‘ஆம்ஹீ’ என்று மராத்தி செய்யும் பாகுபாடு தமிழின் ‘நாம்’, ‘நாங்கள்’ போன்றதே. இவை மறுக்க முடியாத செய்திகள். ஆனால் இனாம்காவ் கைவிடப்பட்டது கி.மு. 700ஐ ஒட்டி, மராத்திக் கல்வெட்டுகள் கிடைக்கத் தொடங்குவது கி.பி. 11ஆம் நூற்றாண்டளவில். இடைப்பட்ட ஏறத்தாழ 1,700 ஆண்டுகளை ஊர்ப்பெயர் ஈறு ஒன்றைக் கொண்டு தாண்டிவிட முடியாது. ஊர்ப்பெயர்கள் எக்காலத்தில் இடப்பட்டன என்பதும் அவற்றிலேயே எழுதியிருப்பதில்லை. ஜோர்வே மக்கள் ஒரு திராவிட மொழி பேசியிருக்கலாம். இந்தோ-ஆரிய மொழி பேசியிருக்கலாம். இன்று சுவடே இல்லாத மொழியொன்றைப் பேசியிருக்கவும் கூடும். மட்கலம் மொழி பேசாது.

ஊரின் பெயரே இதற்குச் சான்று. இனாம்காவ் என்பதில் ‘காவ்’ இந்தோ-ஆரியச் சொல். ‘இனாம்’ அரபுச் சொல், இனாம் நிலம் எனத் தமிழிலும் வழங்குவது. யாரோ ஓர் ஆட்சியாளர் யாருக்கோ மானியமாக அளித்த ஊர் என்பதே இப்பெயரின் பொருள். அது சில நூற்றாண்டுகளுக்கு மேல் பழைமையானதாக இருக்க முடியாது. உரிம் என்னும் பெயர் நான்காயிரம் ஆண்டுகளைத் தாண்டி நம்மிடம் வந்திருக்கிறது, எழுதி வைத்தவர்கள் இருந்ததால். கோட் ஆற்றங்கரையில் தொள்ளாயிரம் ஆண்டுகள் வாழ்ந்தோர் தம் ஊரை எப்பெயரிட்டு அழைத்தனர் என்பதை இனி எந்த அகழாய்வும் சொல்லப்போவதில்லை. அவர்களை இன்றைய மொழிச் சண்டை ஒன்றின் முன்னோடிகளாக்குவதால் அவ்விழப்பு ஈடாகாது. அவர்களிடமிருந்து உறுதியாகப் பெறக்கூடியவை வேறு: வாய்க்கால் வெட்டியவர்களின் கூட்டுழைப்பு, களஞ்சியத்தைச் சுற்றி எழுந்த ஏற்றத்தாழ்வு, அது தளர்ந்தபோது குழந்தைகளின் எலும்பில் பதிந்த கணக்கு. சிரூர் இன்றும் மழைமறைவு நிலமே. கோட் ஆற்றின் நீர் இன்றும் அணைகளிலும் வாய்க்கால்களிலும் பங்கிடப்படுகிறது. பங்கீட்டில் முதல் வயல் யாருடையது என்பது இன்றும் தீராத வினா.